அண்ணாந்து குடிப்பவர்

லோத்குண்டா,
21-1-1973

மதிப்பிற்குரிய உங்களுக்கு,

மங்கையர்க்கரசி வணங்கி எழுதுவது. இங்கே அத்தை, மாமா, நான் மூவரும் சுகம். நீங்களும் சுகம் என்பதை உங்கள் கையெழுத்தில் பார்த்தால்தான் அத்தைக்குத் தூக்கம் வரும்.

மேலே எப்படி விளிப்பது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாமல் ஜப்பானுக்குப் போய்விட்டவரை என்னவென்று அழைப்பது? நேரில் என்றால் "கேட்டீங்களா", "இதோ பாருங்க" என்று சமாளித்துவிடலாம். கடிதத்தில் அது முடியாது. இந்த முறை பொறுத்துக்கொள்ளுங்கள்.

பம்பாய் வண்டி கண்ணுக்கு மறையும்வரை மாமா பிளாட்பாரத்தில் நின்றார். அத்தை அழவில்லை. வீடு திரும்பும் வழியில், கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஆறு மாதத்துக்கு எப்படிப் போதும் என்று மட்டும் கேட்டார்கள்.

ஒரு சின்ன விஷயம். ஸ்டேஷனில் நான் ஃபிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றி, பாதி குடித்துவிட்டு ஜன்னல் வழியாக உங்களிடம் நீட்டினேன் அல்லவா? நீங்கள் அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டபோது எஞ்சின் இடித்து வண்டி குலுங்கியது. காப்பி உங்கள் புதுச் சட்டையில் சிந்திவிட்டது. அந்தக் கறையை வெந்நீரில் நனைத்தால் போகாது. பச்சைத் தண்ணீர்தான் வேண்டும்.

சொல்ல நினைத்தது இவ்வளவுதான். குளிரில் காதை மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள் அத்தை.

வணக்கத்துடன்,
மங்கையர்க்கரசி


நாகோயா அருகில்,
11-2-1973

அன்புள்ள மங்கையர்க்கரசிக்கு,

சிவஞானம் எழுதுவது. நான் நலம். மூக்கு மட்டும் நலமில்லை. பனியில் அது என்னுடையதுதானா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்கவேண்டியிருக்கிறது. அம்மா, அப்பா, நீ எல்லோரும் நலமாக இருக்கவேண்டும்.

பாலாநகரில் எங்கள் தொழிற்சாலைக்கு வரப்போகும் கிரைண்டிங் மெஷினை இங்கே பிரித்து, சேர்த்து, பிரித்துப் பழகுகிறேன். என்னோடு அதே மெஷினில் நிற்பவர் மொரிதா. என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருக்கலாம். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம், எனக்கு அதைவிடக் கொஞ்சம் ஜப்பான் மொழி. மீதியை ஸ்பேனரைக் காட்டிப் பேசிக்கொள்கிறோம்.

முதல் வாரமே வரவேற்பு விருந்து வைத்தார்கள். கவலைப்படாதே, என் கிளாஸில் ஆரஞ்சுச் சாறுதான். ஆனால் சாறு குடிப்பதற்கும் இங்கே சட்டம் இருக்கிறது. தாகமாக இருந்ததால் வைத்ததும் எடுத்துக் குடித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் மேனேஜர் முதல் எல்லோரும் கிளாஸைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து "கம்பாய்" என்று சொன்ன பிறகுதான் வாயில் வைக்கவேண்டுமாம்.

இன்னொன்று. தன் கிளாஸைத் தானே நிரப்பிக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் பார்த்து ஊற்றவேண்டும், நாம் அவருக்கு ஊற்றவேண்டும். மொரிதா ஊற்றினார். மீதம் வைத்தால் அம்மா பார்க்கும் பார்வை உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும், அந்தப் பயத்தில் முழுவதையும் குடித்தேன். உடனே ஊற்றினார். அதையும் குடித்தேன். வயிறு உப்பி, அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள்தான் விளக்கம் கிடைத்தது. காலி கிளாஸ் என்றால் இன்னும் வேண்டும் என்று பொருள். நம்மூரில் இலையை மடிப்பதுபோல, இங்கே போதும் என்றால் கிளாஸை நிறைத்தபடி விட்டுவிட வேண்டும்.

உன் கடிதம் வருவதற்குள் விடுதியில் அந்தச் சட்டையை வெந்நீரில் துவைத்துவிட்டார்கள். கறை நின்றுவிட்டது. பரவாயில்லை, கோட்டுக்குள் போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
சிவஞானம்


லோத்குண்டா,
27-2-1973

அன்புள்ள உங்களுக்கு,

மங்கையர்க்கரசி வணக்கம். எல்லோரும் சுகம். மாமாவுக்குக் கண்ணில் நீர் வடிவது நின்றிருக்கிறது. உங்கள் மூக்கு உங்களிடமே இருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தைக் கூடத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். ஆரஞ்சுச் சாறு வந்த இடத்தில் மாமா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. "அவனுக்குச் சளி பிடிக்கும், வெந்நீர் கேட்டு வாங்கத் தெரியாதா?" என்றார்கள்.

தன் கிளாஸைத் தானே நிரப்பக் கூடாது என்பதைப் படித்த பிறகு, இந்த வீட்டில் அத்தையின் டம்ளரை யார் நிரப்புகிறார்கள் என்று பார்த்தேன். யாருமில்லை. மறுநாள் நான் ஊற்றி வைத்தேன். "எதுக்கும்மா, எனக்குக் கை இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே குடித்தார்கள். இப்போது பழகிவிட்டது. காலையில் தாமதமானால் டம்ளரை மெல்லத் தட்டுகிறார்கள்.

கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போது மாமா என்னை ஓர் இரானி ஹோட்டலுக்கு அழைத்துப்போனார். எதிர் மேசையில் இரண்டு ரிக்‌ஷாக்காரர்கள் ஒரே ஒரு சாயா வாங்கினார்கள். ஒருவர் கப்பில் குடித்தார், மற்றவர் சாசரில் ஊற்றிக் குடித்தார். பாதியில் இவர் கப்பை அவரிடம் தள்ள, அவர் சாசரை இவரிடம் தள்ளினார். பேச்சு ஒரு நொடிகூட நிற்கவில்லை. மாமா என் பார்வையைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் நமக்கு நக்கோம்மா" என்றார், வேண்டாம் என்பதற்கு உங்கள் ஊர்ச் சொல்லில். பிறகு தன் சாயாவைக் கண்ணாடி கிளாஸில் மாற்றித் தரச் சொல்லி, தூக்கி அண்ணாந்து குடித்தார். கொதிக்கக் கொதிக்க, ஒரு சொட்டுச் சிந்தாமல்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, உங்களுக்கு இன்னும் பயிற்சி போதாது என்று.

வணக்கத்துடன்,
மங்கையர்க்கரசி


நாகோயா அருகில்,
25-3-1973

அன்புள்ள மங்கையர்க்கரசிக்கு,

நலம். அங்கே வெயில் தொடங்கியிருக்கும். அப்பாவை மதியத்தில் வெளியே விடாதே.

இந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை அம்மாவுக்கு வாசிக்காதே. உனக்கு மட்டும்.

மெஷினைப் பிரித்துச் சேர்த்து முதல் முறையாக ஓட்டிக் காட்டினோம். சரியாக ஓடியது. அன்று மாலை பிரிவில் உள்ளவர்கள் ஒரு சிறிய கடைக்கு அழைத்துப்போனார்கள். தரையில் பாய், குட்டை மேசை. மொரிதா சாகே என்ற அரிசி மதுவைச் சின்னக் கிண்ணத்தில் குடித்துக்கொண்டிருந்தார். நம் வீட்டில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் கிண்ணம் அளவுதான். திடீரென்று எழுந்து என் முன்னால் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தார். தான் குடித்த கிண்ணத்தை உதறி, இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டி, அதில் ஊற்றினார். மனதுக்கு வேண்டியவர்களுக்கு மட்டும்தான் இப்படிக் கொடுப்பார்களாம்.

மறுக்க முடியவில்லை. வாங்கிக்கொண்டேன். நான் மது குடிப்பது அதுதான் முதல் தடவை, நம்பு. ஆனால் என் மனதில் அப்போது மது இல்லை. இது இன்னொருவர் வாய் வைத்த கிண்ணம் என்பது மட்டும்தான் இருந்தது. கை தானாக மேலே போயிற்று. அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். பாதி தொண்டையில், பாதி கழுத்தில்.

எல்லோரும் கைதட்டினார்கள். ஏதோ வித்தை காட்டினேன் என்று நினைத்துவிட்டார்கள் போலும். மொரிதா மட்டும் தட்டவில்லை. கிண்ணத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

அதன் பிறகு வேலையில் ஒரு குறையும் இல்லை. வணங்குகிறார், சொல்லித் தருகிறார். ஆனால் முன்புபோல மதியச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் வந்து உட்காருவதில்லை. என்ன நினைத்துக்கொண்டாரோ தெரியவில்லை. நீ நிறையப் படிப்பவள். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

அன்புடன்,
சிவஞானம்


லோத்குண்டா,
9-4-1973

அன்புள்ள உங்களுக்கு,

வணக்கம். எல்லோரும் சுகம். வெயில் வந்துவிட்டது. போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து மாமா ஒரு கூடை மாங்காய் கொண்டுவந்தார். வீடே ஆவக்காய் ஊறுகாய் வாசனையாக இருக்கிறது.

இரண்டாம் பக்கத்தை வாசிக்காமல் தப்பிக்க முடியவில்லை. "அவ்வளவுதானா?" என்று கேட்டு அத்தை தாளைத் திருப்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது என்பது என் நல்ல காலம். சாகே என்ற இடத்தில் "அரிசிக் கஞ்சி" என்று வாசித்தேன். "நல்லதுதானே, சூட்டைத் தணிக்கும். ரெண்டு டம்ளராக் குடிக்கச் சொல்லு" என்றார்கள். அவர்கள் சொன்னதை எழுதிவிட்டேன். நீங்கள் கடைப்பிடிக்க வேண்டாம்.

மொரிதா என்ன நினைத்திருப்பார் என்று கேட்டிருக்கிறீர்கள். புத்தகத்தில் பார்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஜப்பானியர்களை எனக்குத் தெரியாது. தான் குடித்ததில் பாதியை ஒருவரிடம் நீட்டிவிட்டு, அவர் அதை உதட்டில் படாமல் வாங்கிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று மட்டும் கொஞ்சம் தெரியும். கோபம் வராது. நாம் ஏன் நீட்டினோம் என்றுதான் இருக்கும். பிறகு வேறு ஏதாவது பேசுவோம். சட்டையைப் பற்றி, கறையைப் பற்றி.

திருமலகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகத்துக்கு ஆள் கேட்கிறார்கள். மாமா விண்ணப்பம் போடச் சொல்கிறார். உங்களுக்குச் சம்மதமா?

வணக்கத்துடன்,
மங்கையர்க்கரசி


லோத்குண்டா,
14-5-1973

மதிப்பிற்குரிய சிவஞானம் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

மார்ச் கடைசியில் நீங்கள் எழுதியதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. தபால்காரர் எங்கள் தெருவில் திரும்பினாலே அத்தை வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். "கரண்ட் பில் மட்டும் கொண்டாராதே" என்று அவரைத் திட்டுகிறார்கள். அவர் தெலுங்கில் சமாதானம் சொல்கிறார்.

சென்ற கடிதத்தில் நான் எழுதியதில் எது பிடிக்கவில்லையோ அதை விட்டுவிடுங்கள். அத்தைக்காவது இரண்டு வரி எழுதுங்கள்.

பள்ளிக்கூட விண்ணப்பத்தை அனுப்பவில்லை. உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

மங்கையர்க்கரசி


நாகோயா அருகில்,
3-6-1973

அன்புள்ள மங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, நலமாக இருக்கிறேன். இதை முதலில் அம்மாவிடம் சொல். பள்ளிக்கூட விண்ணப்பத்தை உடனே அனுப்பு. இதற்கெல்லாம் என்னைக் கேட்கவேண்டுமா?

உன் ஏப்ரல் கடிதத்தை முதலில் படித்தபோது மொரிதாவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். மறுபடி படித்தபோது "சட்டையைப் பற்றி" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மொரிதா என் சட்டையைப் பற்றிப் பேசியதே இல்லையே. அப்புறம் கோட்டைக் கழற்றி அந்தச் சட்டையைப் பார்த்தேன்.

பதில் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. ஒரு வரி எழுதினால் அது சாக்குச் சொல்வதுபோல இருந்தது. இங்கே ஒன்றைச் சரிசெய்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன். அது உன்னை எவ்வளவு காத்திருக்க வைக்கும் என்று யோசிக்கவில்லை.

சென்ற சனிக்கிழமை மறுபடி அதே கடைக்குப் போனோம். நான் சாகே கேட்டேன், ஒரு கிண்ணம். வாய் வைத்துப் பாதி குடித்தேன். பிறகு எழுந்துபோய் மொரிதாவின் முன்னால் மண்டியிட்டு, அவர் செய்ததுபோல இரண்டு கைகளாலும் நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். கிண்ணத்தை வாங்கினார். தலையை அண்ணாந்து, கிண்ணத்தை முகத்துக்கு மேலே தூக்கி, உதட்டில் படாமல் ஊற்றினார். மூக்கில் போய்விட்டது. இருமல் நிற்கவே இல்லை, பாவம்.

இருமி முடித்ததும் சொன்னார்: "இந்தியா முறை. வீட்டில் பழகினேன். தினமும், தண்ணீரில். மனைவி சிரிக்கிறாள்."

பிறகு அலுவலகத்தில் ஆங்கிலம் தெரிந்தவரை வைத்துக் கேட்டேன். மொரிதாவுக்கு என்மேல் கோபமே இல்லை. அன்றைக்கு மறுநாளே, இந்தியர்கள் அடுத்தவர் வாய் வைத்த பாத்திரத்தில் குடிக்கமாட்டார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். தெரியாமல் என்னைச் சங்கடப்படுத்திவிட்டோம் என்று அவர் வெட்கப்பட்டுக்கொண்டு விலகி இருந்திருக்கிறார். நான் அவரை அவமதித்துவிட்டேன் என்று நானும், தான் என்னை அவமதித்துவிட்டோம் என்று அவரும், ஒரே மெஷினின் இரண்டு பக்கம் நின்று இரண்டு மாதம் வணங்கிக்கொண்டிருந்தோம். இப்போது அவர் என் முறையில் குடிக்கிறார், நான் அவர் முறையில்.

உன்னிடம் சொல்லவேண்டியது இதுதான். எங்கள் வீட்டில் அம்மா டம்ளரில்கூட நான் வாய் வைத்ததில்லை. அது சுத்தம் என்று சொல்லி வளர்த்தார்கள், அவ்வளவுதான். ஸ்டேஷனில் என் கை யோசிக்காமல் தூக்கியது. நீ நீட்டினாய் என்பதை நான் அன்று பார்க்கவே இல்லை. காப்பியை மட்டும்தான் பார்த்தேன்.

ஒன்று கேட்கலாமா? தெரிந்துதான் பாதி குடித்துவிட்டுக் கொடுத்தாயா?

அன்புடன்,
சிவஞானம்


லோத்குண்டா,
19-6-1973

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லோரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது. உங்கள் கடிதம் நனைந்தே வந்தது, ஆனால் எழுத்து கலையவில்லை.

முதலில் உங்கள் அம்மாவின் செய்தி. மொரிதா மூக்கில் கஞ்சி ஏறிய கதையை வாசித்தேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தார்கள். முடிந்ததும் நிமிராமல் சொன்னார்கள்: "கஞ்சிக்கு யாரும்மா சின்னக் கிண்ணம் வெப்பாங்க? ரயில்வே குவார்ட்டர்ஸ்ல குடிக்கிறவங்களுக்கு நடுவுல இத்தனை வருஷம் இருந்தவளுக்கு அது தெரியாதா? ஒரு கிண்ணத்தோட போதும், அதுக்கு மேல நக்கோன்னு எழுது." எழுதிவிட்டேன். இதை நீங்கள் கடைப்பிடிக்கலாம்.

முதல் தடவை கஞ்சி என்று வாசித்தபோதே அவர்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். எனக்காகத்தான் கஞ்சி என்று வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டேன். புத்தகங்களைவிடப் பூச்சிகள் அதிகம். குழந்தைகளிடம் நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறார்கள், தெலுங்கில் கேட்டால் சிரிக்கிறார்கள். நாளை எப்போது வரும் என்றிருக்கிறது. எனக்கு இது புதிது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அன்று ஃபிளாஸ்கில் இன்னும் ஒரு மூடி காப்பி இருந்தது. உங்களுக்குத் தனியாக ஊற்றிக் கொடுத்திருக்கலாம்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆறியதை நானே குடித்தேன்.

அன்புடன்,
மங்கை


நாகோயா அருகில்,
4-7-1973

அன்புள்ள மங்கைக்கு,

நலம். இந்த மாதம் இருபத்து நாலாம் தேதி பம்பாய். மறுநாள் மாலை செகந்திராபாத். ஸ்டேஷனுக்குக் கூட்டமாக வரவேண்டாம் என்று அப்பாவிடம் சொல். கேட்கமாட்டார், சொல்லிவை.

மொரிதா தன் கிண்ணத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறார். அதில் என்ன ஊற்றிக் குடிப்பது என்று அம்மா முடிவு செய்யட்டும்.

உன் கடிதத்தின் கடைசி வரியைப் பலமுறை படித்தேன். மற்றதை நேரில்.

அன்புடன்,
சிவஞானம்


சமையலறை மேடை,
வியாழன் காலை

நேற்று இரவு வீடு நிறையச் சொந்தக்காரர்கள். நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது நீங்கள் அசந்து தூங்குகிறீர்கள். எழுப்ப மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, நாலு மணிக்கு வந்துவிடுவேன். அத்தையும் மாமாவும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள்.

ஃபிளாஸ்கைத் திறக்கவேண்டாம், அதில் ஒன்றுமில்லை. பக்கத்தில் டம்ளரில் காப்பி மூடி வைத்திருக்கிறேன். பாதிதான் இருக்கும். மீதியை நான் குடித்துவிட்டேன்.

மங்கை


(அதே தாளின் கீழே)

எழுந்தேன். குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

அதே காப்பிக் கறைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு குடித்தேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை, அண்ணாந்தால்தானே சிந்தும்.

நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்பேன். அந்த இரானி ஹோட்டல் எங்கே என்று காட்டு. ஒரு சாயா போதும்.

சிவஞானம்